10பேஸ்2 ஈதர்நெற்: ஒற்றைக் கொம்பியூட்டரே மோதல் காட்டுகிறது, உதவி தேவை

கிளி486:
வணக்கம். 10பேஸ்2 என்பது கொம்பியூட்டர்கள் எல்லாம் ஒரே கோஅக்ஸியல் கேபிளைப் பகிரும் பழைய வலையமைப்பு. அதற்கு பழைய என்இ2000 வலையமைப்புக் கார்ட் மாதிரி, ஐஎஸ்ஏ (பழைய பிசி) துளையில் செருகும் கார்ட் ஒன்றை நானே பலகை வரைந்து செய்திருக்கிறேன். ஆர்டிஎல்8019ஏஎஸ் சிப், கேபிளில் அனுப்பி வாங்க டிபி8392 சிப். டொஸ்ஸில் பக்கெற் டிறைவர் (கார்ட்டை இயக்கும் மென்பொருள்) கார்ட்டைப் பிடிக்கிறது, முகவரியும் சரி. ஆனால் பிங் (மற்றக் கொம்பியூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகாது, மோதல், அதாவது இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பியதாகக் காட்டும் எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது. மற்றக் கொம்பியூட்டரைக் கழற்றிவிட்டாலும் இதேதான், தனியாக நிற்கிறது யாரோடு மோதும் என்று விளங்கவில்லை. 8392க்கு மறை 9 வோல்ற் ஒழுங்காக வருகிறது. கேபிளும் முனைகளில் போட்ட ரேர்மினேற்றரும் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் றெசிஸ்டர் மூடி) சிசிரிவி கடையில் வாங்கியவை. இந்தக் கேபிள் வலையமைப்பு உலகமெல்லாம் ஓடிய காலத்தில் எங்கள் பக்கம் கரண்டே இல்லை, அதனால்தான் கையால் செய்து ஓடவிட்டுப் பார்க்க இவ்வளவு ஆசை.

வவுனியா_றேடியோ:
தம்பி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கார்ட்டைக் கேபிளோடு சேர்க்கும் ரீ இணைப்பில் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். எத்தனை ஓம்?

கிளி486:
37 சொச்சம் அண்ணை.

வவுனியா_றேடியோ:
அதுதான் பிரச்சினை. இரண்டு முனையிலும் 50 ஓம் ரேர்மினேற்றர் சமாந்தரமாக நிற்பதால் 25 வரவேண்டும். உங்களிடம் இருப்பது 75 ஓம் ரேர்மினேற்றர், ரீவி, கமரா வேலைக்கானது. பிஎன்சி (கேபிள் முனையில் திருகிப் பூட்டும் இணைப்பான்) தலை ஒன்றுபோல இருப்பதால் பூட்டினால் அழகாகப் பூட்டும். 10பேஸ்2 மோதலைக் கண்டுபிடிப்பதே கேபிளின் சராசரி வோல்ற்றைப் பார்த்துத்தான். ஒரு கார்ட் அனுப்பும்போது சராசரியாக 41 மில்லி அம்பியர் அளவு இழுக்கும், 25 ஓமில் அது கிட்டத்தட்ட 1 வோல்ற். இரண்டு பேர் சேர்ந்து அனுப்பினால் இரட்டிப்பாகும், அதனால் ஒன்றரை வோல்ற் அளவில் சிப் மோதல் என்று முடிவெடுக்கும். உங்கள் 37.5 ஓமில் ஒருவர் அனுப்பினாலே அந்த ஒன்றரை வந்துவிடுகிறது. கார்ட் 16 தரம் முயன்றுவிட்டு பக்கெற்றைக் கைவிடும். உங்கள் கார்ட்டில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்.

முல்லை_சோல்டர்:
ரேர்மினேற்றர் தேடி அலையவேண்டாம். ஒவ்வொரு முனைக்கும் 100 ஓம் றெசிஸ்டர் இரண்டைச் சமாந்தரமாக பிஎன்சி தலைக்குள் சோல்டர் பண்ணுங்கள், 50 ஓம் வந்துவிடும். கேபிளையும் 50 ஓம் ஆர்ஜி-58 ஆக மாற்றுங்கள். சிசிரிவிக்குப் போடும் ஆர்ஜி-59 75 ஓம், இரண்டு மூன்று மீற்றருக்கு ஓடினாலும் நீளம் கூடக்கூட எதிரொலி வந்து கெடுக்கும்.

கிளி486:
அண்ணை, 25.2 ஓம்! பிங் போகிறது, கோப்பும் பிரதியாகிறது, மோதல் எண்ணிக்கை அசையவில்லை. ஆர்ஜி-58 வவுனியாவில் எடுக்கிறேன். ஒரு கேள்வி: வீட்டிலிருந்து பின்னால் இருக்கிற கொட்டிலுக்குக் கேபிள் இழுக்கலாமா? 30 மீற்றர் வரும்.

முல்லை_சோல்டர்:
தூரம் பரவாயில்லை, ஒரு துண்டுக்கு 185 மீற்றர் வரை அனுமதி. ஆனால் இரண்டு கட்டடத்துக்கு இடையில் செப்புக் கம்பி வேண்டாம் தம்பி. ஐப்பசி இடி மின்னல் உங்களுக்குத் தெரியும்தானே, பக்கத்தில் விழுந்தாலே இரண்டு கார்ட்டும் போய்விடும். ஒரே அறைக்குள் வையுங்கள், எர்த் கொடுப்பதானால் கேபிளின் ஒரு முனையில் மட்டும்.