கச்சேரி நோட்டில் ஒட்டிய நோட்டீஸ்: பின்பக்கம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை:

வேலூர் வேலப்பாடியில் ஒரு மிருதங்க வித்வான் வீட்டு நோட்டு, அதிலுள்ள கச்சேரிகளைப் பட்டியல் போடுகிறோம். நீளப் பேரேடு, சிவப்புத் துணி முதுகு. உள்ளே கச்சேரி நோட்டீஸ், பேப்பர் கட்டிங், எல்லாம் மைதாப் பசையில் முழுசாக ஒட்டியது. இந்த வகை நோட்டு இங்கே பலரும் பார்த்ததுதான்.

41ஆம் பக்கத்தில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்தவர் பிடித்து இழுத்தார். தாள் இரண்டாகப் பிளந்தது. அச்சு கையோடு வந்துவிட்டது, பின்பக்கத் தோல் பேரேட்டிலேயே தங்கிவிட்டது. அந்தத் தோலுக்குள் பென்சில் எழுத்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி. போட்டோ எடுத்துத் திருப்பினால் படிக்க முடிகிறது: "பைர. அட. 5 க. தனி 12 நி." அச்சில் இருக்கும் வயலின்காரர் பெயர் அங்கே இல்லை. வேறு யாரோ வாசித்திருக்கலாம்.

"5 க." என்பதைச் சன்மானம் என்று பட்டியலில் ஏற்றியாயிற்று. அதுதான் உறுத்துகிறது. எழுத்தைப் பார்த்தால் நோட்டீஸ் 1960களுக்குள். இன்னும் அறுபது நோட்டீஸ் பாக்கி. உரிக்கலாமா?

தொப்பி_ரவை:

சன்மானம் இல்லை சார், கட்டை. ஹார்மோனியத்து வெள்ளைக் கட்டைக் கணக்கு. 1 கட்டை என்றால் இங்கிலீஷ் ஸி, 5 கட்டை என்றால் ஜி. ஐந்து என்றாலே பெரும்பாலும் பாடியவர் பெண். ஆண் குரல் 1, 1½ பக்கம் இருக்கும்.

பாடுகிறவருக்குத் தன் சுருதி தெரியும், எழுதிவைக்கத் தேவையில்லை. மிருதங்கக்காரருக்குத்தான் தேவை. 5 கட்டைக்கு ஹெச்சு மிருதங்கம் (உயர்ந்த சுருதிக்கானது), மரத்தின் நீளம் சுமார் 22 அங்குலம். 1 கட்டைக்குத் தக்கு (தாழ்ந்த சுருதிக்கானது), 24 அங்குலம். தக்கு வாத்தியத்தை மேடையில் உட்கார்ந்து வாரை இழுத்து 5 கட்டைக்கு ஏற்ற முடியாது, வலந்தலை (வலப்பக்கத் தோல்) கிழிந்துவிடும். எதைத் தூக்கிக்கொண்டு போவது என்று முன்கூட்டியே தெரியவேண்டும், அதற்காக எழுதியது.

சந்தேகம் இருந்தால் அதே பாடகர் பெயர் வரும் பக்கங்களை வரிசையாகப் பாருங்கள். சன்மானம் வருஷா வருஷம் ஏறும். சுருதி வயதாக ஆக இறங்கும். 5 பிறகு 4½ ஆனால் அது கட்டை.

"பைர. அட" என்பது பைரவி அட தாள வர்ணம், விரிபோணி. "தனி" மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், "நி" நிமிஷம். நிஷாதம் என்று எழுதிவைத்த ஒரு பட்டியலும் கண்ணில் பட்டது, அதைப் பற்றிப் பேசவேண்டாம்.

லாங்பஜார்_அச்சு:

எழுத்தைப் பார்த்து 1960கள் என்றது யார்? லை, ளை, னை எல்லாம் பழைய கொம்போடு இருந்தால் 1978க்கு முன் என்று முடிவுகட்டக் கூடாது. எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்தது. ஈய எழுத்தை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க எந்தச் சின்ன அச்சகத்துக்கும் வசதி இல்லை. தேயும்வரை அதையேதான் கோத்தார்கள்.

தேதி கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. டிக்கெட் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். "ந.பை." (நயா பைசா) என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவில். முகவரி "வேலூர்-4" என்று மட்டும் இருந்தால் பழசாக இருக்கலாம். 632 004 என்று ஆறு இலக்கமும் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின், இதில் சந்தேகமே இல்லை. "வ.ஆ. மாவட்டம்" (வட ஆற்காடு) என்பதை நம்பவேண்டாம், 1989இல் பிரித்த பிறகும் கை பழக்கத்தில் போட்டார்கள். "வ.ஆ. அம்பேத்கர் மாவட்டம்" என்றிருந்தால் 1989க்குப் பின்.

நம் ஊருக்கென்றே ஒன்று: நோட்டீசில் "கோட்டை ஜலகண்டேஸ்வரர் சன்னிதியில்" என்று இருந்தால் 1981 மார்ச்சுக்கு முன் இருக்க வழியில்லை. அதுவரை கோட்டைக் கோயிலில் சுவாமியே இல்லை, லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது.

வருஷம் போடாமல் தேதியும் கிழமையும் மட்டும் இருப்பதுதான் அதிகம். ஏப்ரல் 21 ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1963, 1968, 1974, 1985 நாலும் பொருந்தும். பின்கோடு இருந்தால் முதல் இரண்டும் போயிற்று. தமிழ் வருஷம் "ஆனந்த" என்று இருந்தால் 1974, "குரோதன" என்றால் 1985. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தரம்தான் திரும்பும், ஆகவே அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. முகூர்த்த நாள் பார்த்து எழுதியவர்கள் ஆங்கில வருஷத்தை விட்டாலும் இதை விடமாட்டார்கள்.

மஞ்சள் நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயர் ஒரு வரி இருக்குமே, அதைப் பார்த்தீர்களா? கட்டிங் எடுக்கிறவர்கள் முதலில் வெட்டி எறிவது அந்த வரியைத்தான்.

இராமபாணம்:

மேலே இரண்டு பேரும் எண்ணையும் தேதியையும் பிடித்துக்கொண்டார்கள். உரிக்கலாமா என்று கேட்டாரே, அதற்குப் பதில் யாரும் சொல்லவில்லை. உரிக்காதீர்கள்.

கெட்டிலில் ஆவி பிடிப்பது, ஈரத் துணி போடுவது இரண்டும் இந்த நோட்டுக்கு ஆகாது. மைதாப் பசை இளகும், உண்மைதான். கூடவே கலர்த் தாளின் சாயம் ஓடும், ஊதா ரப்பர் ஸ்டாம்பு பரவும், பேனா மை கரையும். பென்சில் என்று நினைப்பது காப்பியிங் பென்சிலாக இருந்தால் ஈரம் பட்டதும் ஊதாவாகிக் குழம்பிப்போகும். சாதாரண பென்சில்தானா என்பதை ஈரம் வைத்துச் சோதிக்கவும் கூடாது.

உரிக்காமலே படிக்கலாம். இருட்டு அறை. பேரேட்டுப் பக்கத்தை நிமிர்த்தி, பின்னால் டார்ச்சை ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். நடுவில் ஒரு வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டால் வெளிச்சம் சீராகப் பரவும். பென்சில் கறுப்பாகத் தெரியும். அச்செழுத்தும் சேர்ந்தே தெரிந்து குழப்பும். அதனால் முதலில் சாதாரண வெளிச்சத்தில் ஒரு படம், இடம் மாறாமல் பின்வெளிச்சத்தில் ஒரு படம். இரண்டாவதை இடம் வலம் திருப்பிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அச்சில் இல்லாத கோடெல்லாம் பென்சில். அழுத்தி எழுதியிருந்தால் டார்ச்சைத் தாளோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தாலே போதும், பள்ளம் நிழல் கட்டும்.

பேரேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் வெளிச்சம் ஊடுருவாது. அங்கே விட்டுவிடுங்கள்.

தானாகத் தூக்கியதை மட்டும் எடுக்கலாம். கத்திரி வெயிலில் பழைய பசை காய்ந்து நொறுங்கும், மெல்லிய தட்டைக் கத்தியை உள்ளே விட்டால் விட்டுக்கொடுக்கும். ஐப்பசி மழையில் அதே பசை இளகிப் பிடித்துக்கொள்ளும், அப்போது இழுத்ததால்தான் உங்கள் தாள் பிளந்திருக்கும். ஆனால் பேப்பர் கட்டிங்கை வெயில் காலத்தில் மடக்காதீர்கள், அப்பளம் மாதிரி உடையும்.

செல்லோடேப்பின் மேல் தாள் தானே உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை இருக்கட்டும், சுரண்டவேண்டாம். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை முன்பக்கமிருந்து இழுக்காமல் பின்னால் கால்களை நிமிர்த்தி எடுங்கள். பசையைத் தின்னத்தான் என் பெயர்க்காரப் பூச்சி வருகிறது. வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியில் வையுங்கள், பக்கங்களுக்குள் வேண்டாம். பக்கம் ஓரத்தில் பச்சை நீலத் திட்டு தெரிந்தால் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறது. பூச்சி வராது, ஆனால் அந்தத் தாள் சீக்கிரம் பழுப்பாகும். அதை முதலில் படமெடுங்கள். 400 டி.பி.ஐ. போதும், பென்சில் உள்ளதற்கு 600.

காட்பாடி_ஜங்ஷன்:

கட்டிங்கில் "வேலூர்" என்று கண்டதையெல்லாம் வேலூர்க் கச்சேரியாக ஏற்றாதீர்கள். மிருதங்க வித்வான் வேலூர் ஜி. ராமபத்ரன் சென்னையில் வாசித்த கச்சேரி விமர்சனங்கள் அப்படித்தான் சேர்ந்துவிடுகின்றன. அவருக்கு 2004இல் சங்கீத கலாநிதி கிடைத்தபோது வந்த கட்டிங் "உள்ளூர்ச் செய்தி" என்று ஒரு நோட்டில் இருக்கிறது! டிசம்பர் 31 திருத்தணிப் படி விழா நோட்டீசும் அப்படியே. ஆரம்பித்தவர் வள்ளிமலைத் திருப்புகழ் சுவாமிகள் என்பதால் வள்ளிமலைப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

தொப்பி_ரவை:

ராமபத்ரன் பெயர் நோட்டில் இருந்தால் உள்ளூர் வித்வான் ஒட்டாமல் இருப்பாரா? ஒட்டியவருக்கு அது உள்ளூர்ச் செய்திதான். பட்டியல் போடுகிறவர்தான் "நடந்த இடம்" என்று தனிக் கட்டம் வைக்கவேண்டும்.

பாலாற்றங்கரை:

உரிக்கவில்லை. டார்ச் வைத்து ஒன்பது பக்கம் ஆயிற்று. 41ஆம் பக்கப் பாடகியே 52, 66இல் வருகிறார். 52இல் "5 க.", 66இல் "4½ க. ஹெச்சு". சன்மானக் கட்டத்தை அடித்துவிட்டோம். மஞ்சள் நோட்டீசின் அடியில் பின்கோடு ஆறு இலக்கமும் இருக்கிறது, 1960களையும் அடித்தாயிற்று.

66இல் அச்சிட்ட வயலின்காரர் பெயருக்கு நேர் பின்னால் ஒரு கோடும் "வ.இ." என்றும் இருக்கிறது. வரவில்லை என்பதா, வண்டி இல்லை என்பதா?