மறுமொழி: 'டிரான்ஸ்ஃபர் ஆஃப் டிரெயினிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'பயிற்சி மாற்றம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா. ஒன்றில் செய்த பயிற்சி இன்னொன்றில் பலன் காட்டுவதற்குத்தான் சொல் தேடுகிறோம். ஆனால் பலகையில் "பயிற்சி மாற்றம்" என்று எழுதினால், நேரம் மாறிவிட்டது என்று பையன்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். 'பரிமாற்றம்' என்றால் கொடுக்கல் வாங்கல். 'கடத்தல்' வெப்பத்துக்குச் சரி. விளையாட்டுப் பக்கத்தில் வந்தால் போலீஸ் செய்தி.

சொல்லை விட்டுப் பொருளைப் பார்ப்போம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சங்கிலிக்குண்டு எறிந்து தங்கம் வென்றவர் அனத்தோலி பொந்தார்ச்சுக். அவர் பயிற்றுவித்த யூரி செடிக் 1986-இல் ஸ்டுட்கார்ட்டில் எறிந்த 86.74 மீட்டர் இன்னும் உலக சாதனை. பயிற்சியில் கூடியது எறிதலில் கூடியதா என்பதுதான் பொந்தார்ச்சுக் விடாமல் துருவிய கேள்வி. புதிதாக வருபவருக்கு ஸ்குவாட்டில் (தோளில் பளுவைச் சுமந்து உட்கார்ந்து எழுவது) பளு ஏறினால் எறிதூரமும் ஏறும். தேர்ந்தவருக்கு ஸ்குவாட் மட்டும் ஏறிக்கொண்டே போகலாம், தூரம் அசையாது. 7.26 கிலோ போட்டிக் குண்டைவிடச் சற்றுக் கனத்ததையும் இலேசானதையும் மாற்றி மாற்றி எறிவதே அவருக்குக் கைகொடுக்கும். சுழற்சி அதே சுழற்சி அல்லவா?

ஆக, இடம் பெயர்வது பயிற்சி அல்ல, அதன் பயன்.

> 'பொசிவு'? வாய்க்கால் தண்ணீர் பக்கத்து வயலில் பொசிகிற மாதிரி.

அருமையான சொல். இரண்டு நாள் இதிலேயே கிடந்தேன். தள்ளிப் போகப்போகக் குறைவதும் பொருந்துகிறது. இடிப்பது ஓரிடம்தான்: பழைய பழக்கம் புது ஆட்டத்தைக் கெடுப்பதும் உண்டே. இறகுப்பந்தில் மணிக்கட்டைச் சுண்டிப் பழகியவர் டென்னிஸ் மட்டையிலும் சுண்டினால் பந்து கோட்டுக்கு வெளியே போகும். இதை 'எதிர்ப்பொசிவு' என்றால் தண்ணீர் மேட்டுக்கு ஏறுகிற மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை 'பயன்பெயர்வு'. வினையாக்கினால் "பயன் பெயர்ந்தது". கெடுப்பதற்கு 'எதிர்ப்பெயர்வு', ஒட்டவே ஒட்டாததற்குப் 'பெயராமை'. "ஸ்குவாட்டின் பயன்பெயர்வு தொடக்கநிலையில் அதிகம்" என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் தடுக்கவில்லை. மொழிபெயர்ப்பில் இருக்கும் அதே வேர் என்பதால் அந்நியமாகவும் படாது.

கைநூலுக்குத்தான் இது. களத்தில் "ஜிம்முல தூக்குறான், கிரவுண்டுல காணோம்" என்பதை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம்.

'பெயர்வு' என்றதும் சுவரிலிருந்து விழும் காரை நினைவுக்கு வருகிறவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள். எனக்கும் கொஞ்சம் வருகிறது.