ஃபேன்டஸி நாவல்: வீட்டு மூலையில் தனியாகவா, நாலு பேரோடு சேர்ந்தா?

தார்சா வாசகர்:
பாளையங்கோட்டை வீட்டில் எங்கள் தார்சாவின், அதாவது முன்கூடத்தின், மேற்கு ஜன்னலை ஒட்டி ஒரு பத்தமடைப் பாய், முதுகுக்குத் தலையணை. ஃபேன்டஸி நாவல் என்றால் எனக்கு அங்கேதான். ஆடியில் மேல்காற்று பக்கத்தைப் புரட்டிவிடும், ஒரு கையைப் புத்தகத்தின் மேலேயே வைத்திருக்கணும். அதுவும் சுகம்தான். எழுநூறு பக்க நாவலில் எந்த ராஜ்ஜியம் எங்கே இருக்கிறது, எந்த மந்திரம் யாருக்குப் பலிக்கும் என்று பிடிபடவே நூறு பக்கம் போய்விடும். முன்னால் இருக்கும் வரைபடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகணும். பஸ்ஸில் நின்றுகொண்டு இது முடியாது. இந்த வகை நாவலுக்கு வீட்டில் நிலையான இடம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கொடைப்பிரியன்:
அண்ணாச்சி, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம பக்கத்தில் மாயக்கதை வளர்ந்தது கூட்டத்தில். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டை நினைத்துப் பாருங்கள். பார்வதி முந்தானை ஏந்த, விளக்குச் சுடர் விழுந்து பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளை சுடுகாட்டில் பிணம் தின்கிறது. அப்புறம் மலையாள தேசம் போய் மந்திரவாதி காளிப்புலையனோடு மோதுகிறது. குடமும் உடுக்கையும் முழங்க ராத்திரி முழுக்கக் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்ந்து சிலிர்க்கும். தனியாகப் பாயில் சாய்ந்திருப்பவருக்கு அது ஏது? வீட்டுக் கவலையிலிருந்து ஒளிய ஓர் இடம் என்றுதான் எனக்குப் படுகிறது.

வளவு வீட்டு அக்கா:
தம்பி, ‘ஒளிய’ என்று சொன்னது எனக்கு வருத்தம். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கின் 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாயக்கதைகளைப் பற்றிப் பேசியபோதே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: சிறையில் கிடப்பவன் வெளியே போக நினைப்பதில் என்ன குற்றம் என்று கேட்டார். ஒரே சுவரில் வரிசையாக வீடுகள் இருக்கும் வளவில், பக்கத்து வீட்டு மிக்ஸி கூட நம் வீட்டில் ஓடுவது போலக் கேட்கும். அடுக்களை வேலை முடிந்து மச்சுப்படியில் நான் உட்காரும் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு. கொடை வருஷத்துக்கு ஒரு தடவை வரும். மீதி நாளுக்கு என்ன செய்ய?

கொடைப்பிரியன்:
அக்கா, படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சத்தம் போட்டுப் படியுங்கள் என்கிறேன். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை எழுத்து தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள்தானே நம் முன்னோர்.

தார்சா வாசகர்:
அந்தக் கதையில் வேதாளம் சொல்வது ஒவ்வொன்றும் அன்றைக்கே முடிந்துவிடும். நேற்று வராதவரும் இன்று உட்காரலாம். சுடலை ஜெயிப்பார் என்பதும் கொடைக்கு வரும் எல்லாருக்கும் தெரியும், எப்படிப் பாடுகிறார்கள் என்பதில்தான் ருசி. நான் வாசிக்கும் நாவலில் அடுத்த அத்தியாயத்தில் யார் சாவார் என்றே தெரியாது. பத்தாம் பக்கத்தில் போகிறபோக்கில் வந்த ஒரு மோதிரம் ஐந்நூறாம் பக்கத்தில் உயிரைக் காப்பாற்றும். சட்டென்று பின்னால் போய்ப் பார்க்கணும். வாசித்துக் காட்டும்போது நாலு பேரை நிறுத்திவைத்துவிட்டு அதைச் செய்ய முடியுமா?

வளவு வீட்டு அக்கா:
டிராகன் வரும் அத்தியாயங்களை மட்டும் ராத்திரி என் மகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அரண்மனைச் சதியெல்லாம் மச்சுப்படியில் எனக்கு.

கொடைப்பிரியன்:
மகளுக்குச் சதியையும் வாசித்துக் காட்டுங்கள் அக்கா. துரோகி யார் என்று அவள் உங்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பாள். முடிவு தெரியாத கதை என்றால்தான் கேட்கிற பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டு யோசிக்கும். தார்சா அண்ணாச்சி, ஆடிக் கொடைக்கு வீட்டுக்குப் பிள்ளைகள் வருவார்கள் அல்லவா? முதல் இருபது பக்கத்தை அந்தப் பாயிலேயே உட்காரவைத்து வாசியுங்கள், வரைபடத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு.