பழக்கங்களை மாற்றினால் மனச்சோர்வு குறையுமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

வணக்கம். எனக்கு வயது 46. ஓராண்டாக வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். இரவு ஒன்பதரைக்கு ஒரு காபி, அதன்பின் ஒரு மணி வரை கைப்பேசி, காலை எட்டரைக்கு எழுந்து நேரே கணினி என்று நாட்கள் கழிகின்றன. சில மாதங்களாக எதிலும் பிடிப்பில்லை. ஆசையாகப் பார்த்துவந்த கிரிக்கெட்டைக்கூடப் பாதியில் அணைத்துவிடுகிறேன். "சில்வர் பீச்சில் நாலு நாள் நடந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் வீட்டில். அது உண்மைதானா? எதிலிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்த்து, நான்காம் நாளே கைவிட்டவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

நாலு நாளில் சரியாகாது. ஆனால் உங்கள் வீட்டார் சொல்வதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுள்ள, 50 வயதைக் கடந்த 156 பேரை வைத்து நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று முறை உடற்பயிற்சி செய்தவர்களும் மருந்து உட்கொண்டவர்களும் 16 வாரங்களின் முடிவில் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள். தொடக்கத்தில் மருந்துதான் விரைவாக வேலை செய்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆனாலும் நீங்கள் நடையிலிருந்து தொடங்க வேண்டாம், எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். உறக்கம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை; எழுவது ஓரளவு நம் கையில் இருக்கிறது. ஒரே நேரத்தில் எழுந்து, சிறிது நேரம் காலை வெளிச்சத்தில் நின்றால், உடலுக்குள் இருக்கும் கடிகாரம் அதை வைத்தே இரவுத் தூக்கத்தின் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இரவுக் காபியை மதியத்துக்கு முன்னால் தள்ளிவிடுங்கள். உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே பலருக்குச் சுமார் 5 மணி நேரம் பிடிக்கிறது. இந்த இரண்டும் இரண்டு வாரம் நிலைத்த பிறகு நடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பதில் 2 (ஓய்வுபெற்ற செவிலியர், புதுச்சேரி)

தம்பி, விரும்பியவற்றில் பிடிப்பு அற்றுப்போவதை வெறும் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். இந்நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே போன்ற அசதியைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவத்துறை இருக்கிறது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் நடைப்பயிற்சிக்குக் காத்திராமல் அன்றே அழையுங்கள். மருந்து எழுதித் தந்தால், நடை தொடங்கிவிட்டோம் என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 3 (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

எனக்கும் இது நேர்ந்தது. மனம் வந்தால் போகலாம் என்று காத்திருந்தவரை நான் சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் பக்கமே போகவில்லை. எதிர்வீட்டு அண்ணன் காலையில் வாசலில் வந்து நிற்கத் தொடங்கிய பிறகுதான், அவரைக் காக்க வைக்கக் கூசியே செருப்பை மாட்டினேன். முதல் பத்து நாள் எந்த மகிழ்ச்சியும் இல்லை, கால்வலிதான் மிச்சம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு நாள் முழுக்க மனித முகமே தென்படுவதில்லை என்பதால், நடந்த தூரத்தைவிடக் கூட வந்த ஆள்தான் எனக்கு உதவினார் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று 14416ஐ அழைத்துப் பேசினேன். புதன்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். ஏழு மணிக்கு எழுவதாக வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தானா?

பதில் 1

ஞாயிறும் அப்படித்தான். மிஞ்சிப்போனால் அரை மணி நேரம் தள்ளலாம். எட்டரையிலிருந்து ஒரேயடியாக ஏழுக்குத் தாவாமல், சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னே நகர்த்துங்கள். நான்காம் நாள் கைவிட வேண்டியிராது.