கம்ப்ரெசர் சிமுலேஷன்: வெளிவாயில் எல்லையில் எதைக் கொடுப்பது?

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் உள்ள சிறிய வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். 36 பிளேடுகள் கொண்ட நாசாவின் ரோட்டார் 37 என்ற கம்ப்ரெசர் சுழலியை வைத்து, அதன் வழியே செல்லும் காற்றோட்டத்தைக் கணினியில் சிமுலேஷன் செய்துவருகிறோம்.

காற்று வெளியேறும் எல்லையான வெளிவாயிலில் நிலையழுத்தம் (static pressure) கொடுத்து, காற்றின் சுழற்சிக்கு ஏற்ப ஆரவழிச் சமநிலையையும் (மையத்திலிருந்து விலக விலக அழுத்தம் கூடுவதையும்) சேர்த்தால், ஓட்டம் அதன் உச்சவரம்பைத் தொடும் சோக் நிலைக்கு அருகில் தீர்வு ஒழுங்காகக் குவிகிறது (மாறாத விடையில் நிலைபெறுகிறது). ஆனால் அழுத்தத்தைச் சிறுகச் சிறுக உயர்த்தி ஸ்டால் (பிளேடுகளை விட்டுக் காற்று பிரிந்து ஓட்டம் குலையும் நிலை) பக்கம் நகரும்போது, ஓட்டத்துக்கு எதிராக அழுத்தத்தைக் காட்டும் வளைகோடு அங்கே ஏறத்தாழத் தட்டையாகிவிடுவதால், சற்றே கூட்டினாலும் ஓட்டம் குறைந்துகொண்டே போய்த் தீர்வு சரிந்துவிடுகிறது. அழுத்தத்துக்குப் பதிலாக நிறை ஓட்டத்தை (நொடிக்குச் செல்லும் காற்றின் நிறையை) கொடுத்தால் அந்தப் பக்கம் தாக்குப்பிடிக்கிறது. வளைகோடு செங்குத்தாக இறங்கும் சோக் பக்கத்திலோ ஒரே ஓட்டத்துக்குப் பல அழுத்தங்கள் பொருந்துவதால் பயனில்லை.

வெளிவாயிலில் ஒரு வால்வு இருப்பதுபோல, ஓட்டத்தின் இருமடிக்கேற்ப அழுத்தம் மாறும் த்ராட்டில் நிபந்தனையே முழு வளைகோட்டுக்கும் ஏற்றது என்பது என் எண்ணம். அதன் மாறிலிக்குத் தொடக்க மதிப்பை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? வெளிவாயிலைப் பிளேடின் பின்விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தால் பின்னோட்டம் (காற்று வெளிவாயில் வழியே உள்ளே திரும்புவது) தொல்லை தராது? முக்கியமாக, தீர்வு குலையும் புள்ளி உண்மையான ஸ்டாலா, எல்லை நிபந்தனையின் விளைவா என்பதை எதைப் பார்த்து முடிவுசெய்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.