தெரியாத லேப்டாப்பை ஸ்விட்சே தடுக்க வேண்டும்: மேக் முகவரி மட்டும் போதுமா?

கேள்வி: மண்டபம் கரை

வணக்கம். மண்டபத்தில் நண்டு, இறால் பதப்படுத்தி அனுப்பும் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை என்னுடையது. இருப்பது மேனேஜ்டு ஸ்விட்ச்தான், ரேடியஸ் (யாரை உள்ளே விடலாம் என்று ஒரு சர்வரிடம் கேட்கும் முறை), 802.1எக்ஸ் (சொருகும் கருவி தன்னை நிரூபித்தால்தான் போர்ட் திறக்கும் முறை) எல்லாம் உண்டு என்று கையேட்டில் போட்டிருக்கிறது, இதுவரை எதையும் பயன்படுத்தவில்லை. ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிவிட்டால் இங்கே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்றே தெரியாது. ஏஜெண்டுகள், ஆடிட்டர் ஆபீஸ் ஆட்கள், கேமரா சர்வீஸுக்கு வருபவர்கள் என்று ஆளாளுக்குச் சுவரில் காலியாக இருக்கும் போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகுகிறார்கள். போன வாரம் யாரோ ஒரு வீட்டு வைஃபை ரவுட்டரையே மாட்டிவிட்டார்கள். அது தன் பாட்டுக்கு ஐபி கொடுக்க ஆரம்பித்து, லேபிள் பிரிண்டரும் எடை மேடைக் கம்ப்யூட்டரும் தொடர்பு அறுந்து, ஐஸ் போட்ட பெட்டிகள் லேபிள் இல்லாமல் கிடந்தன. நாங்கள் அனுமதித்த மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்) மட்டும்தான் உள்ளே வரவேண்டும். போர்ட் செக்யூரிட்டி போதுமா, ரேடியஸ் வைத்துத்தான் செய்யவேண்டுமா?

பதில்: தொண்டி நெட்வொர்க்

அண்ணே, இரண்டும் வேறு வேறு. போர்ட் செக்யூரிட்டியில் எந்தப் போர்ட்டுக்கு எந்த முகவரி என்பது ஸ்விட்சுக்குள்ளேயே இருக்கும். ஸ்டிக்கி முறை போட்டால் முதலில் சொருகும் கருவியின் முகவரியை அதுவே பிடித்துக்கொள்ளும், கையால் தட்டவேண்டியதில்லை. ஆனால் சிஸ்கோவில் அது ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிகில்தான் உட்காரும். சேவ் செய்யாமல் விட்டால் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் மறந்து, அடுத்து எவன் சொருகினாலும் அவனையே உரிமைக்காரனாக எடுத்துக்கொள்ளும். நம் பக்கம் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மீறல் வந்தால் என்ன செய்வது என்பதையும் பாருங்கள், ஷட்டவுன் என்று விட்டால் போர்ட்டே அணைந்து நீங்கள் போய் எழுப்பும் வரை கிடக்கும், ரெஸ்ட்ரிக்ட் போட்டால் தெரியாத முகவரியின் பாக்கெட்டை மட்டும் எறிந்துவிட்டு லாகில் எழுதும்.

ரேடியஸில் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும், பிரிண்டரை வேறு அறைக்கு மாற்றினாலும் ஸ்விட்சைத் தொடவேண்டாம். ஃப்ரீரேடியஸ் இலவசம், லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரே தாங்கும். கருவியின் மேக் முகவரியையே பயனர் பெயராகவும் பாஸ்வேர்டாகவும் ஸ்விட்ச் அனுப்பும், யுடிபி 1812 என்ற போர்ட் எண் வழியாக. பலரும் மாட்டிக்கொள்வது முகவரியை எழுதும் விதத்தில்தான்: ஒரு ஸ்விட்ச் நடுவில் கோடு போட்டு அனுப்பும், இன்னொன்று ஒட்டி எழுதும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறு. லாகில் வருவதை அப்படியே பார்த்துப் பட்டியலில் ஏற்றுங்கள்.

பதில்: கீழக்கரை கேபிள்

போன வாரம் உங்களுக்கு வந்த தொல்லைக்கு நேரான மருந்து மேக் முகவரி இல்லை, டிஹெச்சிபி ஸ்னூப்பிங், அதாவது கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி பதில்களை ஸ்விட்ச் கண்காணிப்பது. உங்கள் டிஹெச்சிபி சர்வர் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று குறித்துவிட்டால், மற்றப் போர்ட்டில் எந்த ரவுட்டர் ஐபி கொடுத்தாலும் ஸ்விட்ச் அதை அங்கேயே கொன்றுவிடும். இதை இன்றைக்கே செய்யுங்கள், ரேடியஸ் அப்புறம்.

மேக் முகவரியைப் பூட்டு என்று நினைக்கவேண்டாம். அது 48 பிட், பிரிண்டரின் முதுகில் ஸ்டிக்கரில் அச்சடித்தே ஒட்டியிருக்கிறது, யாரும் படிக்கலாம். வீட்டு ரவுட்டர்களிலேயே ‘மேக் க்ளோன்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அனுமதி உள்ள கம்ப்யூட்டரின் முகவரியை எடுத்து மாட்டிக்கொண்டால் அதற்குப் பின்னால் பத்து பேர் நுழையலாம், ஸ்விட்சுக்கு ஒருவராகத்தான் தெரியும். தெரியாமல் சொருகுபவரை இது நிறுத்தும், வேண்டுமென்றே வருபவரை நிறுத்தாது. விண்டோஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு 802.1எக்ஸ் சான்றிதழோடு போடுங்கள். அது பேசத் தெரியாத பிரிண்டர், கேமராவுக்கு மட்டும் மேக் முறை, அவற்றையும் தனி வீலேனில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), பில்லிங் சர்வரைத் தொடமுடியாதபடி.

வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் இருக்கிறதா? ஆண்ட்ராய்டு 10-க்கும் ஐஓஎஸ் 14-க்கும் பிறகு போன்கள் வைஃபைக்கு வைஃபை வேறு வேறு முகவரி போட்டுக்கொள்ளும், பட்டியல் வைத்துக் கட்டுப்படியாகாது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்று இருந்தால் அநேகமாக அந்த மாதிரிப் போட்ட முகவரிதான்.

கேள்வி கேட்டவர்: மண்டபம் கரை

ரொம்ப நன்றி. ஸ்னூப்பிங் போட்டுவிட்டேன். சோதனைக்கு ஒரு போர்ட்டில் 802.1எக்ஸ், அதற்குப் பின்னால் மேக் என்று வைத்துப் பார்த்தேன், லேபிள் பிரிண்டர் 169.254 என்று (டிஹெச்சிபி கிடைக்காதபோது தானே போட்டுக்கொள்ளும்) ஐபி எடுத்து நின்றுவிடுகிறது. குளிர் அறையின் வெப்பநிலைக் கருவி இன்னும் மோசம், ஸ்விட்சில் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை.

பதில்: தொண்டி நெட்வொர்க்

பிரிண்டர் காத்திருந்து களைத்துப்போகிறது. ஸ்விட்ச் முதலில் 802.1எக்ஸில் ‘யார் நீ’ என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேக் முறைக்கு வரும். சிஸ்கோவில் மாற்றாமல் விட்டால் 30 விநாடிக்கு ஒருமுறை, மொத்தம் 90 விநாடி. அதற்குள் பிரிண்டர் டிஹெச்சிபியைக் கைவிட்டுவிடும். அந்தப் போர்ட்டில் மேக்கை முதலில் வையுங்கள், இல்லை காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

வெப்பநிலைக் கருவி நிலையான ஐபியில் இருக்கும், யாராவது கேட்டால்தான் பேசும் ரகம். அது ஒரு பாக்கெட்டாவது அனுப்பினால்தான் ஸ்விட்சுக்கு முகவரியே தெரியும், ஆனால் கேட்கிறவரின் பாக்கெட்டையும் ஸ்விட்ச் அதுவரை கருவிக்குப் போகவிடாது. கட்டுப்பாட்டை உள்வரும் பக்கம் மட்டும் என்று மாற்றிப் பாருங்கள், வெளியே போகும் பாக்கெட் கருவியை எழுப்பிவிடும். அதுவும் சரிவரவில்லை என்றால் அந்த ஒரு போர்ட்டுக்கு ரேடியஸ் வேண்டாம், போர்ட் செக்யூரிட்டியில் முகவரியைக் கையால் தட்டிவிடுங்கள்.

கரண்ட் வந்ததும் ஸ்விட்ச் எழுந்து ரேடியஸ் சர்வர் இன்னும் எழாமல் இருந்தால் எல்லாப் போர்ட்டும் மறுக்கப்படும், எடை மேடை உட்பட. சர்வரை ஸ்விட்ச் இருக்கும் அதே யுபிஎஸ்ஸில் போடுங்கள், சர்வர் கிடைக்காத நேரத்துக்கு என்று ஒரு வீலேனும் வைத்துவிடுங்கள். தடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நாள் ஓப்பன் முறையில், யாரையும் மறுக்காமல் லாக் மட்டும் எழுதவிட்டு, பட்டியலில் விட்டுப்போனது எது என்று பாருங்கள். தடைக்காலம் முடிவதற்குள் இதை முடித்துவிட்டால் நல்லது, படகு இறங்கிய பிறகு சோதனைக்கு யாரும் நேரம் தரமாட்டார்கள்.