ரெண்டு சேனலில் ஒரே செய்தி, ஒரே குரல். இது எப்படிங்க?

கோபிக்காரன்:
போன வாரம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது. சொட்டுநீர் மானியம் பற்றிப் படம் எடுக்கிறோம் என்றார்கள். மஞ்சள் காட்டில் அப்பாரு கேட்வால்வைத் திருகுவதை மூன்று தடவை எடுத்தார்கள், மூன்றாவது தடவைக்கு வெள்ளை வேட்டி மாற்றி வரச் சொன்னார்கள். நேற்று ராத்திரி அது ரெண்டு சேனலில் செய்தியாக ஓடியது. அதே படம், அதே வரிகள், பேசின பெண் குரலும் ஒன்றேதான். ஆனால் ரெண்டிலும் "எங்கள் செய்தியாளர்" என்கிறார்கள். வேனில் வந்தவர்கள் எந்தச் சேனலும் இல்லை, ஒரு துறைக்காகப் படம் எடுக்கும் ஆட்கள். மானியம் இன்னும் வரவில்லை என்று அப்பாரு சொன்னதை மட்டும் காணோம். இது தப்பில்லையா?

பழைய ஸ்டிரிங்கர், ஈரோடு:
தம்பி, ஸ்டிரிங்கரான எனக்கெல்லாம் மாதச் சம்பளம் கிடையாது, சேனலுக்கு அனுப்பும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. தாளவாடி வரைக்கும் பெட்ரோல் போட்டுப் போய் வந்தால் மிஞ்சுவது டீக்காசு. விஷுவல், பைட் (ஆட்கள் பேசும் துண்டு), ஸ்கிரிப்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் லிங்காக வந்து விழுந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நானும் அனுப்பியிருக்கிறேன், பொய் சொல்லவில்லை. குரலையாவது மாற்றிப் போடுவோம், இவர்கள் அதற்கும் சோம்பல்பட்டிருக்கிறார்கள்.

நூல்மில்:
அமெரிக்காவில் இதே கூத்து பெரிய அளவில் நடந்தது. புது மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சட்டத்தைப் புகழ்ந்து சுகாதாரத் துறையே செய்தி மாதிரி வீடியோ தயாரித்து 2004-ல் சேனல்களுக்கு அனுப்பியது, செய்தி வாசிப்பவர் என்ன சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்பது உட்பட. கடைசியில் "வாஷிங்டனிலிருந்து கேரன் ரையன்" என்று ஒரு குரல். அவர் எந்தச் சேனலின் நிருபரும் இல்லை, பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு வேலை பார்ப்பவர். பல ஊர்களில் அப்படியே ஒளிபரப்பினார்கள். அந்த வருடமே மே மாதம் அவர்களுடைய அரசுக் கணக்குத் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., இது சட்டத்துக்குப் புறம்பான பிரச்சாரம் என்று சொல்லிவிட்டது. வீடியோ அனுப்பியதற்காக இல்லை, தயாரித்தது அரசாங்கம் என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லாததற்காக. அப்புறம் 2005-ல் நியூயார்க் டைம்ஸ் தோண்டிப் பார்த்தால், குறைந்தது 20 அரசுத் துறைகள் இப்படிச் செய்திருந்தன.
நம்ம 1994 கேபிள் டிவி விதிகளிலும், விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் ஓசியில் வந்த வீடியோவை விளம்பரம் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? இடிக்கிற இடம் அதுதான்.

அந்தியூரான்:
அட, அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸில் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் போடுவார்களே, பிலிம்ஸ் டிவிஷன் எடுத்தது. அணைக்கட்டு, மந்திரி, ரிப்பன் வெட்டு. அது சர்க்கார் படம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பாதிப் பேர் அப்போதுதான் முறுக்கு வாங்கப் போவோம். ஒளித்து எதுவும் இல்லை. இது அப்படியா?

கோபிக்காரன்:
சரிங்க, படம் எடுத்தது யார் என்று கேட்டு ரெண்டு சேனலுக்கும் மெயில் போட்டுவிட்டேன். ஸ்டிரிங்கர் அண்ணா, அந்த மாதிரிப் பழைய லிங்க் ஏதாவது போனில் இருந்தால் தனியாக அனுப்புங்கள். அப்பாருவுக்கு வேறு கோபம், வேட்டியில் சேறு பட்டதற்கு.